குழுவின் பேரில் ஒரு நம்பர்: சிறு தொழிலுக்கு சமூக ஊடகத்தைப் பயன்படுத்துவது எப்படி?

சத்துமாவு, இட்லிப் பொடி, ஊறுகாய் என்று வீட்டிலேயே தயாரித்து விற்கும் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் நாலு ரீல்ஸ் போட்டாச்சு. லைக்கும் வருது. ஆனால், "போன மாசம் இதன் மூலமா எத்தனை ஆர்டர் வந்துச்சு?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியவில்லை.

வாங்குபவர் நம்மைக் கண்டுபிடிக்கணும், நம்பணும், சிரமம் இல்லாமல் ஆர்டர் கொடுக்கணும். இந்த மூன்றுக்கும் உதவாத லைக்கால் அடுப்பு எரியாது. குழுவாகத் தொழில் செய்பவர்களும் சிறு கடைக்காரர்களும் கையில் இருக்கும் ஸ்மார்ட்போனை வைத்தே என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

1. நம்பர் யாருடையது?

குழுவில் போன் நன்றாகத் தெரிந்த ஒருவர் தன் சொந்த நம்பரில் ஆர்டர் எடுக்கத் தொடங்குவார். இரண்டு வருடத்தில் வாடிக்கையாளர் எல்லோரிடமும் அந்த நம்பர்தான் இருக்கும். பிறகு அவர் வெளியூர் போய்விட்டாலோ, குழுவை விட்டு விலகினாலோ, குழு சேர்த்த வாடிக்கையாளர்களும் அந்த போனோடு போய்விடுவார்கள். பத்து பேரின் உழைப்பு ஒரே போனில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

அதனால் தொழிலுக்கென்று தனி சிம் வாங்குங்கள். ரீசார்ஜ் செலவு குழுக் கணக்கிலிருந்து போகட்டும். சிம் யார் பெயரில் இருக்கிறது, எந்த மின்னஞ்சலில் கணக்கு தொடங்கினோம் என்பதைத் தீர்மான நோட்டில் எழுதி, ஊக்குநரும் பிரதிநிதியும் கையெழுத்துப் போடுங்கள். ஃபேஸ்புக் பக்கத்துக்குக் குறைந்தது இரண்டு நிர்வாகிகள் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கி 6 இலக்க பின் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாட்ஸ்அப் கணக்கை முதன்மை போனுடன் சேர்த்து மேலும் 4 சாதனங்களில் இணைக்க முடியும். ஒருவர் வயலுக்குப் போயிருந்தாலும் இன்னொருவர் பதில் சொல்லலாம்.

2. வாட்ஸ்அப் பிசினஸ்: விலையைச் சொல்லுங்க

வாட்ஸ்அப் பிசினஸ் ஒரு இலவச செயலி. அதில் உள்ள கேட்டலாக் பகுதியில் ஒவ்வொரு பொருளுக்கும் படம், விலை, விவரம் சேர்க்கலாம். "அக்கா, சத்துமாவு இருக்கா? என்ன விலை?" என்று தினமும் வரும் கேள்விக்கு ஒவ்வொரு முறையும் டைப் செய்ய வேண்டியதில்லை. விரைவு பதிலாக ஒருமுறை சேமித்துவிட்டால் போதும். ராத்திரி வரும் மெசேஜுக்கு, "வணக்கம்ங்க. காலை 9 மணிக்கு மேல் பதில் சொல்றோம்" என்று தானாகவே போகும்படி அமைக்கலாம்.

"சுவையான, தரமான சத்துமாவு" என்று போடுவதால் வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"கம்பு, கேழ்வரகு, பொட்டுக்கடலை சேர்த்த சத்துமாவு. அரை கிலோ 150 ரூபாய். செவ்வாய், வெள்ளிக்கிழமை அரைப்போம். முந்தின நாள் மாலை 5 மணிக்குள் சொல்லுங்க. நேரில் வாங்கிக்கலாம். கூரியர் செலவு தனி."

என்ன பொருள், என்ன விலை, எப்போ கிடைக்கும், எப்படி வாங்குவது என்ற நாலும் இதில் இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். எனவே முதல் ஆர்டரின் போதே, "நம்ம நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிடுங்கள். கேட்காதவர்களை வாட்ஸ்அப் குரூப்பில் சேர்க்காதீர்கள். எரிச்சலில் பிளாக் செய்துவிட்டால் அந்த வாடிக்கையாளர் போனது போனதுதான்.

3. கூகுள் மேப்பில் இடம் பிடியுங்கள்

பக்கத்து ஊர்க்காரர் ஒரு பொருளைத் தேடும்போது முதலில் பார்ப்பது பெரும்பாலும் கூகுளைத்தான். அங்கே கடையின் பெயர், நேரம், போன் நம்பரை இலவசமாகப் பதிவு செய்யலாம். கடை இல்லை, வீட்டில்தான் தொழில் என்றால் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊர்களுக்குக் கொடுக்கிறீர்கள் என்று மட்டும் காட்டலாம். திருப்தியான வாடிக்கையாளரிடம் இரண்டு வரி கருத்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். குறை சொல்லி யாராவது எழுதினால் சண்டைக்குப் போகாமல், "மன்னிக்கணும், மாத்திக் கொடுக்கிறோம்" என்று பதில் போடுங்கள். அதைப் படிக்கும் புதியவர்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

4. படமும் வார்த்தையும்

போன் லென்ஸைத் துணியால் துடைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். தானியம் வறுக்கும் கை, அரைக்கும் மெஷின், பாக்கெட் போடும் மேசை எல்லாமே நல்ல ரீல்ஸ்தான். பின்னணிக்குச் சினிமா பாட்டு வேண்டாம். விளம்பரத்துக்குப் பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சிக்கல் வரலாம்.

உணவுப் பொருள் விற்பவர்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவின் 14 இலக்க எண்ணை லேபிளில் தெளிவாகப் போட வேண்டும். அதையே பதிவிலும் காட்டினால் நம்பிக்கை கூடும். "சர்க்கரை நோய் குணமாகும்" போன்ற வாசகங்களை எழுதவே கூடாது. அப்படி விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது.

5. பெரிய ஆர்டர் வந்தால் நிதானம்

நம்பர் பொதுவில் வந்துவிட்டால் மோசடிக்காரர்களின் கண்ணிலும் படும். "ராணுவ முகாமுக்கு 50 கிலோ வேணும், அட்வான்ஸ் அனுப்பறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்று பேசுவார்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவும் வேண்டாம், யுபிஐ பின் போடவும் வேண்டாம். பின் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் பணம் போகும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பொருளை அனுப்புங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி மீட்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

6. ஒரு மாதக் கணக்கு

ஆர்டர் நோட்டில் "எப்படித் தெரிந்து வந்தார்?" என்று ஒரு கட்டம் சேருங்கள். வாட்ஸ்அப், கூகுள், இன்ஸ்டாகிராம், தெரிந்தவர் சொன்னது என ஒரு மாதம் குறித்து வந்தால், எங்கே நேரம் செலவழிக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

சுய உதவிக் குழுக்களின் பொருட்களைச் சந்தைப்படுத்தும் 'மதி' பெயரில் உங்கள் பொருளையும் கொண்டுவர முடியுமா என்று மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில், "நம்ம ஆர்டர் நம்பர் யார் பேர்ல இருக்கு?" என்ற கேள்வியை மட்டும் முதலில் எடுங்கள். அதற்கு விடை எழுதிய பிறகு கேட்டலாக்கைத் திறக்கலாம்.