மணலில் நின்ற வண்டியும் உராய்வுப் பாடமும்

எட்டாம் வகுப்பில் உராய்வு பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "உராய்வு நமக்கு நண்பனா, எதிரியா?" என்ற வழக்கமான கேள்வியைக் கேட்டேன். வீராம்பட்டினத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் கடைசி வரிசையில் எழுந்து நின்றான். அதிகம் பேசாதவன்; தேர்விலும் பின்தங்கியவன்.

"சார், ஞாயித்துக்கிழமை எங்க ஊர் கடற்கரையில ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி மணல்ல மாட்டிக்கிச்சு. நாலு சக்கரமும் இழுக்குற வண்டி ஏன் சார் மாட்டுச்சு?"

"எஞ்சின் சக்தி போதாமல் இருந்திருக்கும்" என்றேன்.

"சக்தி இல்லன்னா சக்கரம் எப்படி சார் அவ்ளோ வேகமா சுத்தும்? எங்க மாமா டிராக்டர் கொண்டுவந்தாரு. கயிறு கட்டுறதுக்கு முன்னாடி நாலு டயர்லயும் காத்தைப் பாதி இறக்கினாரு. அப்புறம் லேசா இழுத்ததும் வந்துடுச்சு."

வகுப்பு சிரித்தது. என்னிடம் பதில் இல்லை. "அதைப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவன் கேட்டது சரியான கேள்வி, நான் சொன்னது தவறான பதில் என்பது வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உறுத்தியது. அடுத்த ஞாயிறு வீராம்பட்டினம் சென்று, படகுகளைக் கரைக்கு இழுக்கும் டிராக்டரின் ஓட்டுநரான அவனுடைய மாமாவைச் சந்தித்தேன். அங்கே கற்றதையும், அதை வகுப்புக்குக் கொண்டுவந்த விதத்தையும் ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1. காற்றை இறக்கினால் என்ன ஆகிறது?

"மணல்ல வண்டி தோத்துப்போறது பலம் இல்லாம இல்ல சார், புதைஞ்சு போறதால" என்றார் அவர். இது எட்டாம் வகுப்பின் அழுத்தப் பாடம்தான். ஒரே எடை சிறிய பரப்பில் விழுந்தால் அழுத்தம் அதிகம்; பெரிய பரப்பில் விழுந்தால் குறைவு. அகன்ற பாதம் உள்ள ஒட்டகம் மணலில் எளிதாக நடப்பது இதனால்தான்.

இதைக் கரும்பலகையில் கணக்காகவே போட்டேன். ஒரு சக்கரத்தின் மேல் விழும் எடை 450 கிலோ, அதாவது ஏறத்தாழ 4500 நியூட்டன். டயரில் 32 பவுண்டு காற்று இருந்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 22 நியூட்டன் அழுத்தம். எடையைத் தாங்கத் தேவைப்படும் பரப்பு 4500 ÷ 22, சுமார் 205 சதுர செ.மீ. காற்றை 16 பவுண்டாகக் குறைத்தால் பரப்பு சுமார் 410 சதுர செ.மீ. டயர் தரையைத் தொடும் இடம் இருமடங்காகிறது. மணலை அழுத்தும் அழுத்தம் பாதியாகிறது. டயரின் விறைப்பையும் கணக்கில் எடுத்தால் எண்கள் சற்று மாறும். ஆனால் மாணவர்கள் உண்மையைப் பிடித்துக்கொள்ள இது போதும்.

புதைந்த சக்கரம் தனக்கு முன்னால் தானே ஒரு மணல் மேட்டை உண்டாக்கிக்கொள்கிறது. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, சக்கரம் மணலைப் பின்னால் வாரி எறிந்து பள்ளத்தைத்தான் ஆழமாக்குகிறது. அன்று நான்கு சக்கரங்களும் இந்த வேலையைத்தான் செய்திருக்கின்றன. தார்ச்சாலைக்குத் திரும்பியதும் காற்றை மறுபடி நிரப்பிவிட வேண்டும்; குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் டயர் சூடாகிக் கெடும். இதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

2. ஒரு சக்கரம் சுற்ற, மற்றது ஏன் நிற்கிறது?

சேற்றிலோ மேடுபள்ளத்திலோ வண்டி நிற்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. சுதந்திர தின அணிவகுப்பு கடற்கரைச் சாலையில் திரும்புவதை நம் மாணவர்கள் பார்த்திருப்பார்கள். வரிசையின் உள்பக்கம் இருப்பவர் சிறு அடி வைக்கிறார்; வெளிப்பக்கம் இருப்பவர் பெரிய அடி வைக்கிறார். வண்டி திரும்பும்போதும் வெளிச் சக்கரம் அதிகத் தொலைவு ஓட வேண்டும். இதற்காக இரு சக்கரங்களுக்கும் நடுவே உள்ள பற்சக்கர அமைப்பே டிஃபரென்ஷியல்.

இதற்கு ஒரு குணம் உண்டு: இரு பக்கமும் ஏறத்தாழச் சமமான திருப்புவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் வழுக்கும் சேற்றில் நின்று கொஞ்சம் விசையை மட்டுமே தாங்குமானால், கெட்டித் தரையில் நிற்கும் மற்ற சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சம்தான் கிடைக்கும். நான்கு சக்கர இயக்கத்திலும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என டிஃபரென்ஷியல்கள் உண்டு. ஆகவே முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் அந்தரத்தில் தொங்கினால், அந்த வண்டியும் நின்றுவிடும்.

*செயல்பாடு:* ஒரு பெற்றோரின் ஆட்டோவைப் பள்ளி மைதானத்துக்கு வரவழைத்தோம். எஞ்சினை நிறுத்தி, சாவியை நான் வைத்துக்கொண்டேன். முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கிக் கற்கள்மேல் உறுதியாக நிறுத்தினோம். முதல் கியர் விழுந்த நிலையில் ஒரு பின்சக்கரத்தை உரிமையாளர் கையால் முன்னோக்கிச் சுற்றினார். மற்ற சக்கரம் பின்னோக்கிச் சுற்றியது! மாணவர்கள் சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்கள். அரை மணி நேரம் பேசிப் புரியவைக்க முடியாததை அரை நிமிடத்தில் கண்டார்கள்.

டிராக்டரில் இதற்கு இரண்டு தீர்வுகள் இருப்பதை அந்த ஓட்டுநர் காட்டினார். ஒன்று, டிஃபரென்ஷியல் லாக். காலால் மிதித்தால் இரு பின்சக்கரங்களும் ஒரே வேகத்தில் பிணைந்து சுற்றும். அந்த நேரத்தில் வண்டியைத் திருப்பக் கூடாது. மற்றொன்று, இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி பிரேக். வீணாகச் சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்தால், பிடிப்புள்ள சக்கரத்துக்கு விசை போய்ச் சேரும்.

இன்றைய நான்கு சக்கர இயக்க வண்டிகள் பலவற்றில் இதே வேலையைக் கணினி செய்கிறது. எந்தச் சக்கரம் வழுக்குகிறது என்று உணரி கண்டறிய, அதற்கு மட்டும் பிரேக் விழுகிறது. டிராக்டர் ஓட்டுநரின் கால் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை அது.

3. வேகத்தைக் கொடுத்து விசையை வாங்குதல்

தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குக் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து கற்கள் நிறைந்த பாதையில் ஜீப்புகள் ஏறுகின்றன. அங்கே தேவை வேகம் அல்ல, நிதானமான திருப்புவிசை. இத்தகைய வண்டிகளில் கியர் பெட்டியை அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இன்னொரு பெட்டி உண்டு. முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்து அனுப்புவது இதுதான். இதிலுள்ள 'லோ' கியர் சுமார் 2.5 மடங்கு என்று கொண்டால், வேகம் 2.5 மடங்கு குறையும், திருப்புவிசை 2.5 மடங்கு கூடும். பத்தாம் வகுப்பில் பற்சக்கரமும் திருப்புத்திறனும் நடத்தும்போது இதைச் சொல்லலாம்.

1941-இல் அமெரிக்க ராணுவத்துக்காக உற்பத்தியைத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பிலேயே இந்த அமைப்பு இருந்தது. அதன் எஞ்சின் ஏறத்தாழ 60 குதிரைத்திறன்தான். இன்று சாலையில் ஓடும் பல சிறிய கார்களின் எஞ்சின் அதைவிட வலிமையானது. 1947-இல் மஹிந்திரா நிறுவனம் அந்த ஜீப்பின் பாகங்களைத் தருவித்து இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. "எஞ்சின் சக்தி போதவில்லை" என்ற என் பதில் எவ்வளவு தவறு என்பதற்கு அந்த ஜீப்பே சாட்சி.

4. உயரமும் எல்லையும்

சக்கரத்துக்குப் பிடிப்பு இருந்தும், வண்டியின் அடிவயிறு பாறையில் உட்கார்ந்துவிட்டால் பயனில்லை. அதனால்தான் தரை இடைவெளி வேண்டும். 2020-இல் வந்த மஹிந்திரா தார் வண்டியில் இது 226 மில்லிமீட்டர். ஆனால் உயரம் கூடினால் ஈர்ப்பு மையமும் மேலே போகும். வளைவில் வேகமாகத் திருப்பினால் கவிழும் ஆபத்தும் கூடும். ஒன்றைப் பெற இன்னொன்றை இழக்கிறோம் என்ற பொறியியல் பாடத்தைக் குழந்தைகள் இங்கே உணர்கிறார்கள்.

கடைசியாக, உயிர் காக்கும் ஒரு செய்தி. நான்கு சக்கர இயக்கம் வண்டியைக் கிளப்ப உதவும், நிறுத்த உதவாது. எல்லாக் கார்களிலும் பிரேக் நான்கு சக்கரத்துக்கும்தான் விழுகிறது. மழையில் நனைந்த கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரண்டு சக்கர இயக்கம், நான்கு சக்கர இயக்கம் இரண்டுக்கும் நிற்கும் தொலைவைத் தீர்மானிப்பது டயரும் தரையும் ஓட்டுநரின் வேகமும்தான். இன்னும் சில ஆண்டுகளில் ஓட்டுநர் உரிமம் வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது நம் கடமை.

ஆக, கரடுமுரடான பாதையில் ஒரு வண்டியின் திறமை எஞ்சினில் மட்டும் இல்லை. தரையைப் பிடித்திருக்கும் சக்கரத்துக்கு விசையைக் கொண்டு சேர்ப்பதில் இருக்கிறது. உராய்வு, அழுத்தம், திருப்புத்திறன், ஈர்ப்பு மையம் என்று நாம் தனித்தனிப் பாடங்களாக நடத்துபவை ஒரே வண்டியில் சந்திக்கின்றன.

மறுவாரம் வகுப்பில், "போன வாரம் நான் சொன்ன பதில் தவறு" என்று தொடங்கினேன். யாரும் சிரிக்கவில்லை. அந்த மாணவனை முன்னால் அழைத்து, காற்று இறக்கியதை அவனையே விளக்கச் சொன்னேன். தயங்கித் தயங்கித் தொடங்கியவன், பரப்பு, அழுத்தம் என்ற சொற்களைத் தானாகவே பயன்படுத்தினான். அடுத்த தேர்வில் அவன் முதலிடம் வந்துவிடவில்லை. ஆனால் இப்போது கேள்வி கேட்கக் கை தூக்குகிறான். "அதைப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்ல நேர்ந்தால், அந்தக் கேள்வியை நாட்குறிப்பில் எழுதிக்கொள்கிறேன். உங்கள் வகுப்பில் அப்படித் தள்ளிவைத்த கேள்வி ஒன்று இருந்தால், வரும் வாரமே அதை எடுத்துப் பாருங்கள்.