வீட்டைப் புதுப்பித்தல்: முதலில் கூரை, கடைசியில் வண்ணம்

பொங்கலுக்கு முன்பும் திருமணத்துக்கு முன்பும் வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் நம் அங்கத்தினர்கள் பலருக்கும் எழுகின்றது. எண்ணம் நல்லதே. ஆனால் கையிலிருக்கும் சிறு தொகையை எதற்கு முதலில் செலவிடுவது என்பதில்தான் சிக்கனமும் விரயமும் பிரிகின்றன. கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம், வாயலூர் ஆகிய கடலோர ஊர்களில் உள்ளவர்கள் இதை மிகவும் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டும். இங்கே வீட்டுக்குப் பகை இரண்டு: ஒன்று மழைநீர், மற்றொன்று கடற்காற்றின் உப்பு.

உப்பின் வலிமைக்கு மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலே சான்று. எட்டாம் நூற்றாண்டின் அக்கருங்கல் கோயிலையும் உப்புக்காற்று அரித்தது. தொல்லியல் துறையினர் காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டனர். நனைத்த காகிதக் கூழைக் கல்லின்மீது அப்பி, உள்ளேயிருந்த உப்பை வெளியே இழுத்தனர். கல்லுக்கே இந்நிலை என்றால் செங்கற்சுவர் எம்மாத்திரம்? உப்பை மூடி மறைத்தல் மருந்தாகாது என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

கூரை

கான்கிரீட் தளத்தின் அடிப்புறத்தில் கம்பி ஓடும் வழியே நீளமாக வெடிப்புத் தோன்றினால், உள்ளே கம்பி துருப்பிடிக்கின்றது என்று அறிய வேண்டும். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரு மடங்குக்கும் மேலாகப் பெருகுகின்றது. அது மேற்பூச்சை உடைத்துத் தள்ளுகின்றது. அந்த வெடிப்பின்மேல் சிமெண்டைப் பூசி வண்ணம் அடித்தால் ஓரிரு மழைக்காலம் வரை அழகாயிருக்கும். பின்னர் பெயர்ந்து விழும். கீழே தறியில் அமர்ந்திருப்பவரும், தொட்டிலில் உறங்கும் குழந்தையும் இருப்பதை மறக்கலாகாது. தளர்ந்த கான்கிரீட்டை முற்றும் தட்டி எடுத்து, கம்பியின் துருவைத் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு இட்ட பின்னரே புதுப்பூச்சு வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் பொறியாளரைக் கலந்துகொள்ளாமல் கைவைக்கக் கூடாது.

2000ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி, மென்மையான சூழலில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும், கடுமையான சூழலில் 45 மில்லிமீட்டரும் வேண்டும் என்கின்றது. கடலோரத்தில் இந்த வேறுபாடு வீட்டின் ஆயுளையே நிர்ணயிக்கும். அருகிலே இலவசமாகக் கிடைக்கின்றதே என்று கடல்மணலைக் கலப்பது, உப்பை விலையின்றி வாங்கி வீட்டுக்குள் வைப்பதாகும்.

மேற்றளத்தில் மழைநீர் தேங்காமல் ஓடும் சரிவும், அடைப்பில்லாத நீர்க்குழாய் வாயும் அவசியம். இவ்வேலைகளை ஐப்பசி மழைக்கு வெகு முன்பே முடித்துவிட வேண்டும். சிமெண்டுப் பூச்சுக்கு ஏழு நாட்களேனும் நீர் தெளித்து ஈரம் காக்க வேண்டும்.

சுவர்

அடிச்சுவரில் ஓதம் ஏறினால், வெளியில் மண் மேடிட்டிருக்கின்றதா என்று முதலில் பாருங்கள். வீட்டுத் தரைக்கு மேலாக இருக்கும் மண்ணை வெட்டி அகற்றுவதற்கு உடலுழைப்பே போதும். குளியலறை நீரைச் சுவரோரம் தேங்கவிடாது வாழை மடைக்குத் திருப்புங்கள். ஓதம் நீங்காத வீட்டில் தறிக்குழியில் நீர் ஊறிப் பாவு நூல் கறைபடும். விதைநெல் மூட்டையில் பூஞ்சணம் பிடிக்கும். அந்நட்டம் மராமத்துச் செலவை விடப் பெரிது.

பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சு வேண்டாம். உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். டச்சுக்காரர் பதினேழாம் நூற்றாண்டில் அமைத்த சதுரங்கப்பட்டினக் கோட்டையின் செங்கற்சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தினாலேயே கட்டப்பட்டவை.

வெள்ளையடிப்பு

சுட்ட சுண்ணாம்பை நீரில் நன்கு ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, சிறிது கஞ்சியும் மிகச் சிறிது நீலமும் சேர்க்க வேண்டும். சுவரை நனைத்துவிட்டு, கனமாக ஒரு பூச்சுக்குப் பதிலாக மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு அடிக்க வேண்டும். எண்ணெய் வண்ணம் பூசிய சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது. அதைச் சுரண்டிய பின்னரே அடிக்க வேண்டும். மேற்றளத்துக்கும் வெள்ளையடித்தால் கோடை வெப்பம் குறையும்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்தடி எனில் நான்கு சுவர்களின் பரப்பு 440 சதுர அடி. மூன்றுக்கு ஏழடிக் கதவும், மூன்றுக்கு நான்கடி சன்னல் இரண்டும் 45 சதுர அடி. எஞ்சுவது 395. இதை எழுதி வைத்துக்கொண்டு கொத்தனாரிடம் பேசினால் அதிகக் கூலி கேட்க இடமிராது.

அலங்காரம்

இதே கடற்கரையில் முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு ஒன்று இருக்கின்றது. அங்குள்ள பழைய வீடுகளின் அழகு திண்ணையிலும் தூணிலும் முற்றத்து வெளிச்சத்திலும் இருக்கின்றது. நமக்கும் சிவப்புக் காவி கலந்த சிமெண்டுத் தரை, கோரைப்பாய், சங்கத்தில் நெய்த துணியில் ஒரு திரை ஆகியவை போதும். அறை ஒன்று கூட்ட வேண்டுமானால், திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917-2007) பரப்பிய முறையைக் கொத்தனாரிடம் கேட்கலாம். செங்கலைக் குத்தாக நிறுத்தி நடுவே வெற்றிடம் விடும் அம்முறையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும்.

திட்டம்

கையில் 100 ரூபாய் இருந்தால் கூரைக்கு 45, ஓதமும் வடிகாலும் 20, கதவு சன்னல் 10, வெள்ளையடிப்பு 10, அலங்காரம் 5, எதிர்பாராச் செலவுக்கு 10 என்று பிரிக்கலாம். கூரை குறையற்றதாயின் அப்பணத்தை மிச்சப்படுத்துங்கள். பளிங்குத் தரைக்கு மாற்ற வேண்டாம். கடன் வாங்குவோர் வட்டியையும் கணக்கிட வேண்டும். 50,000 ரூபாய்க்கு நூற்றுக்கு 12 வீதம் ஆண்டுக்கு 6,000, அதாவது மாதம் 500 ரூபாய் வட்டி மட்டுமே ஆகும். அத்தொகை தறியிலிருந்தோ வயலிலிருந்தோ வர வேண்டும். உதிரும் கூரைக்காகக் கடன் வாங்குவது முறை. சுவரின் நிறத்துக்காக வாங்குவது முறையன்று.

அடுத்த மழை பெய்யும்போது அங்கத்தினர் ஒவ்வொருவரும் வீட்டைச் சுற்றி வந்து, நீர் தேங்கும் இடத்தையும் கசியும் இடத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அத்தாளே உங்கள் மராமத்துத் திட்டத்தின் முதற்பக்கம்.