சன்பேக் தட்டியில் ஒரு விமானம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

டியூஷன் சென்டருக்கும் மனை விற்பனைக்கும் மின்கம்பத்தில் கட்டித் தொங்கவிடுகிறார்களே, அந்தச் சன்பேக் தட்டியில் ரேடியோ கட்டுப்பாட்டு விமானம் செய்யலாம். பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் இரண்டு மெல்லிய தோல்கள், நடுவே வரிசையாகக் குழல்கள்: அவ்வளவுதான் தட்டி. அதை மடித்தால் இறக்கை. பிவிசி மழைநீர்க் குழாய் உடல், மர ஸ்கேல் இறக்கைக்குள் தாங்குதண்டு, சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி வால் துடுப்பை அசைக்கும் கம்பி. அமெரிக்காவில் இந்த வகை விமானங்களுக்கு ‘ஸ்பேட்’ என்று பெயர். இதில் இறங்குபவர்கள் நம்பும் சில விஷயங்களைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை 1: விமானத்துக்குப் பால்சா மரம்தான் வேண்டும், விளம்பரத் தட்டி பறக்காது.

உண்மை: இறக்கையின் பரப்பு, அது சுமக்கும் எடை, போகும் வேகம் மூன்றும் பொருந்தினால் தட்டியும் பறக்கும். ஆனால் இலேசான பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். 4 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ. 120 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் உள்ள இறக்கைக்கு, மேலும் கீழும் சேர்த்து 450 கிராம் தட்டிக்கே போய்விடும். இந்த இறக்கையோடு மொத்த எடை 750 கிராமாக இருந்தால், வேகம் மணிக்குச் சுமார் 23 கி.மீ. வரை குறைந்தாலும் விமானம் தாங்கும். ஒன்றரைக் கிலோவானால் 32 கி.மீ.யிலேயே தொப்பென்று விழும். எடை கூடினால் தரையிறங்கும் வேகமும் கூடும். 2 மி.மீ. ஷீட் கிடைத்தால் அதையே எடுங்கள்.

நம்பிக்கை 2: சூப்பர் குளூ போட்டால் எல்லாம் ஒட்டிவிடும்.

உண்மை: பாலிப்ரொப்பிலீனில் பசை பிடிக்காது. காய்ந்த பிறகு நகத்தால் நெம்பினாலே பட்டையாக உரிந்து வரும். தட்டியின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாகத் திரண்டு நிற்கும். மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, கேஸ் டார்ச்சின் நீலச்சுடரை எங்கும் நிறுத்தாமல் விரைவாக ஓட்டிய பிறகு விட்டால் அதே சொட்டு படர்ந்து பரவும். பசை பிடிக்கும் பதம் அதுதான். சுடர் ஒரே இடத்தில் நின்றால் ஷீட் சுருண்டுவிடும். இது திறந்த வெளியில் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை. அப்படியும் பாரம் தாங்கும் இடங்களில் கைதேர்ந்தவர்கள் பசையை நம்புவதில்லை. திருகு, நட்டு, கேபிள் டை, ரப்பர் பேண்டு என்று போய்விடுவார்கள்.

நம்பிக்கை 3: தட்டியை எந்தப் பக்கமாக வெட்டினாலும் ஒன்றுதான்.

உண்மை: குழல்கள் இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் திருப்பத்திலேயே இறக்கை மடங்கும். இதே குழல்கள் செலவில்லாத கீலும் தரும். மேல் தோலை மட்டும் ஒரு குழலின் நெடுகக் கட்டரால் கீறி, கீழ்த் தோலைத் தொடாமல் விட்டுவிட்டால் துடுப்புக்குக் கீல் தயார். ஷாம்பு பாட்டில் மூடியின் கீலும் பெரும்பாலும் இதே பிளாஸ்டிக்தான். ஆயிரக்கணக்கான தடவை மடங்கினாலும் அறாது.

நம்பிக்கை 4: பெரிய மோட்டார் போட்டால் எதுவும் பறக்கும்.

உண்மை: எடை மையம் தவறினால் பெரிய மோட்டார் விமானத்தை இன்னும் வேகமாகத் தரையில் மோதவைக்கும். மையம் முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 25 செ.மீ. இறக்கைக்கு 6.25 முதல் 7.5 செ.மீ. இருபுறமும் அந்த இடத்தில் விரல்நுனியால் தாங்கிப் பாருங்கள். மூக்கு சற்றே தாழ்ந்தால் சரி; வால் தாழ்ந்தால் பறக்கவிடவே வேண்டாம். சன்பேக்கில் வால் கனத்துப்போவது வழக்கம். மையத்துக்கு 60 செ.மீ. பின்னால் 10 கிராம் கூடினால், 20 செ.மீ. முன்னால் 30 கிராம் வைத்து ஈடுகட்ட வேண்டியிருக்கும்.

நம்பிக்கை 5: வீட்டில் செய்ததற்குச் சட்டம் கிடையாது.

உண்மை: 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் இதற்கும் பொருந்தும். கல்விக்கோ பொழுதுபோக்குக்கோ கண்ணெதிரே பறக்கும், 25 கிலோவுக்கு மேற்படாத மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. 2 கிலோ வரை, வணிக நோக்கமின்றிப் பறக்கவிட விமானிச் சான்றிதழும் வேண்டாம். ஆனால் சிவப்பு மண்டலத்தில் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. பச்சை மண்டலத்திலும் உயர வரம்பு 400 அடி. உங்கள் மைதானம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ இணையதள வரைபடத்தில் பார்த்துவிடுங்கள்; பதிவு விதிகளையும் படியுங்கள்.

நம்பிக்கை 6: பெரிதாகச் செய்தால் ஆளே ஏறிப் போகலாம்.

உண்மை: கூடவே கூடாது. 1979 ஜூன் 12 அன்று பிரையன் ஆலன் மிதித்தே ஆங்கிலக் கால்வாயைக் கடந்த ‘காஸமர் ஆல்பட்ராஸ்’ பிளாஸ்டிக் படலம் போர்த்திய விமானம்தான். ஆனால் அதில் படலம் வெறும் போர்வை. பாரத்தைத் தாங்கியது கார்பன் இழைக் குழாய்ச் சட்டகம். பாலிப்ரொப்பிலீனோ தொடர்ந்து பாரம் ஏற்றினால் மெல்லமெல்ல நீண்டு தொய்யும். வெயிலில் கிடந்தால் நொறுங்கும். உயிரை நம்பி ஒப்படைக்கும் பொருளல்ல.

மோட்டார் வாங்கக் கடைக்கு ஓடும் முன், வெட்டிய ஒவ்வொரு துண்டையும் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எந்த மோட்டார் வேண்டும், அது வாலை எவ்வளவு ஈடுகட்ட வேண்டும் என்பதற்கெல்லாம் அந்தக் கணக்கில்தான் விடை இருக்கிறது.