மிக்ஸி எத்தனை வருடம் உழைக்க வேண்டும்?



நமது டிரஸ்டுக்கு வரும் உதவி மனுக்களில் கல்விக் கட்டணமும் மருத்துவச் செலவும்தான் முதலிடம். அதற்கு அடுத்து மிக்ஸி, கிரைண்டர் கேட்டு வருபவை. சென்ற ரமலானுக்கு முன் ஒரு சகோதரி புது மிக்ஸி வேண்டி மனு கொடுத்தார். பழையதைக் கொண்டு வாருங்கள் என்றோம். பார்த்தால், மோட்டார் மேல் இருக்கும் கப்ளரின் பல் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். சிறிய செலவில் மாற்றியதும் ஓடியது. அதை அவர் எடைக்குப் போட இருந்தார். புதியதைத் தவணையில் வாங்கவும் விசாரித்து வைத்திருந்தார். இந்தக் கட்டுரை அதனால்தான்.

நம் பகுதியில் பல வீடுகளில் இன்னும் ஒரு சாட்சி இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன. ஒரே மாதிரிப் பொருள். ஒரு வீட்டில் இரண்டே வருடத்தில் பரணுக்குப் போனது, பக்கத்து வீட்டில் இன்றும் சட்னி அரைக்கிறது. அப்படியென்றால் ஆயுள் என்பது பொருளில் மட்டும் இல்லை, கையாளும் விதத்திலும் இருக்கிறது.

அமெரிக்காவில் வீடு கட்டுவோர் சங்கம் 2007-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. கேஸ் அடுப்பு 15 வருடம், பிரிட்ஜ் 13 வருடம், மைக்ரோவேவ் 9 வருடம் என்றது. நம் மின்சாரமும் நம் சமையலும் வேறு, அதனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் வீடுகளில் பார்த்த வரை, வீட்டு உபயோகத்துக்கு மட்டும் ஓடும் மிக்ஸியிடம் 6 முதல் 8 வருடம் எதிர்பார்ப்பது நியாயம். கிரைண்டரும் பிரிட்ஜும் 10 வருடத்தைத் தாண்ட வேண்டும். வாரண்டி அட்டையில் 2 வருடம் என்றிருப்பதைப் பார்த்து, அதுதான் ஆயுள் என்று நினைக்க வேண்டாம். இலவசமாகச் சரிசெய்து தரும் காலம் மட்டுமே அது.

மிக்ஸி சீக்கிரம் போவதற்கு, நாம் பார்த்ததில், முதல் காரணம் தண்ணீர். ஜாரின் அடியில் உள்ள புஷ் தேய்ந்தால் கருப்பாகக் கசியத் தொடங்கும். அந்தக் கசிவோடு சட்னித் தண்ணீரும் கப்ளர் வழியாக மோட்டாருக்குள் இறங்கும். புஷ் மாற்றுவது சின்ன வேலை. விட்டுவிட்டால் காயில் எரிந்து பெரிய வேலையாகிவிடும். அடுத்தது சூடு. மிக்ஸி மோட்டார் விட்டு விட்டு ஓடுவதற்கே செய்யப்பட்டது. சில நிமிடம் ஓட்டினால் சற்று ஆறவிட வேண்டும். நோன்பு மாதத்தில் கஞ்சிக்கும் சம்சாவுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் இஞ்சி பூண்டு அரைக்கும்போதுதான் பெரும்பாலும் நின்று போகிறது. நின்றால் பதற வேண்டாம். பெரும்பாலான மிக்ஸிகளின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். பிளக்கைக் கழற்றி, ஆறிய பிறகு அதை அழுத்திப் பாருங்கள். உள்ளே தீப்பொறி அதிகமாகத் தெரிந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அதுவும் மாற்றக்கூடியதே. காய்ந்த மஞ்சளையும் மல்லியையும் மில்லுக்கே கொடுத்துவிடுவது மோட்டாருக்கு நல்லது.

மாவு அரைத்து விற்றுக் குடும்பம் நடத்தும் தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக் கிரைண்டரைத் தொழிலுக்கு ஓட்டினால் வாரண்டி கிடையாது என்று பெரும்பாலான அட்டைகளில் எழுதியிருக்கிறது. அப்படி ஒரு சகோதரிக்கு வாரண்டி காலத்திலேயே கடைக்காரர் கைவிரித்துவிட்டார். மாதக்கணக்கில் வருமானம் நின்றது. தொழில் என்றால் வாங்கும்போதே அதைச் சொல்லி, அதற்கென்று உள்ள இயந்திரத்தை வாங்குங்கள். விலை கூடுதலாக இருந்தாலும் இதுதான் சிக்கனம்.

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று இன்னொரு கஷ்டம். செங்கல்பட்டில் பல வருடம் இருக்கும் அடுப்பு, கடற்கரையில் சீக்கிரமே துரு பிடிக்கும். கடல் பக்க ஜன்னலுக்கு நேராக பிரிட்ஜ் வைக்காதீர்கள். அதன் பின்பக்கத்தை, பிளக்கைக் கழற்றிவிட்டு, அவ்வப்போது உலர்ந்த துணியால் துடையுங்கள்.

ஆனால் ‘இன்னும் ஓடுகிறதே’ என்று வைத்துக்கொள்ளக் கூடாத பொருள்களும் உண்டு. கேஸ் டியூப் நன்றாகத் தெரிந்தாலும் 5 வருடத்தில் மாற்ற வேண்டும். சிலிண்டரின் மேல்வளையத் தகட்டில் ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும், அதையும் பாருங்கள். A என்றால் மார்ச் வரை, B ஜூன், C செப்டம்பர், D டிசம்பர். அந்த மாதம் தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். குக்கரின் கேஸ்கட் தளர்ந்தாலோ, சேஃப்டி வால்வு ஒருமுறை உருகிவிட்டாலோ, அதே கம்பெனியின் ஒரிஜினல் பாகத்தையே போடுங்கள். அடி புடைத்த குக்கரை யாருக்கும் தானமாகக்கூடக் கொடுக்காதீர்கள். தொட்டால் ‘ஜிவ்’வென்று ஷாக் அடிக்கும் கிரைண்டரை, செருப்புப் போட்டுக்கொண்டு ஓட்டுவது தீர்வல்ல. அன்றே நிறுத்தி, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீசியனிடம் காட்டுங்கள்.

பாகம் கிடைப்பதில்லை என்பது பலரின் புகார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல், பிரிட்ஜின் முக்கிய பாகங்களைக் குறைந்தது 7 வருடம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நம் நாட்டில் அப்படி இல்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. ஆனால் வாரண்டிக்குள் மறுத்தால் நமக்கு வழி உண்டு. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். அதிலும் தீராவிட்டால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் மனு செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இதற்கெல்லாம் பில் வேண்டும். கல்யாணச் சீராக வரும் பொருள்களில் பெரும்பாலும் பில்லும் முத்திரை வைத்த வாரண்டி அட்டையும் பெண் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. சீர் இறக்கும் அன்றே அவற்றையும் கேட்டு வாங்கிப் பொண்ணு கையில் கொடுத்துவிடுங்கள்.

இனி மிக்ஸி, கிரைண்டர் கேட்டு மனு தருபவர்கள் பழையதையும் கூடவே கொண்டு வாருங்கள். முதலில் மெக்கானிக்கிடம் காட்டுவோம். சரியாகாது என்று அவர் சொன்னால், இன்ஷா அல்லாஹ், புதியதற்கு ஏற்பாடு செய்வோம்.