கிணற்று நீர் மட்டும் போதுமா?

கேள்வி: குரோமியக் கழிவு கிடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. கிணற்று நீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்தால் போதாதா?
– வாசகர், ராணிப்பேட்டை

பதில்: போதாது. உங்கள் ஊரில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல். மழை பெய்தால் அதிலிருந்து குரோமியம் மஞ்சளாகக் கரைந்து நிலத்தடிக்கு இறங்கும். குடிநீரில் இந்தியத் தர வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவில் நிறமே தெரியாது. ‘தண்ணி தெளிவாத்தானே இருக்கு’ என்பதெல்லாம் செல்லாது.

ஆய்வக எண் பாதி விஷயம்தான். அந்தத் தண்ணீர் யார் வயிற்றுக்குப் போகிறது? கேன் தண்ணீர் வாங்கும் வீட்டிலும் அரிசி களைவது கிணற்று நீரில்தானா? மாடு எங்கே தண்ணீர் குடிக்கிறது, பிள்ளைகள் எந்த மண்ணில் விளையாடுகிறார்கள்? நஞ்சு உடம்புக்கு வரும் வழியைத் தெருத்தெருவாக நடந்து, கேட்டு எழுத வேண்டும். டீக்கடை பெஞ்சில் கிடைக்கும் இந்தத் தகவல் எந்த அலுவலகக் கோப்பிலும் இருக்காது.

கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை மாதிரி எடுங்கள். கழிவுக்கு மேட்டுப்பக்கக் கிணற்றையும் விடாதீர்கள். ஒப்பிட அது வேண்டும். போர்வெல் என்றால் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடியுங்கள். பாட்டிலில் இடம், தேதி, நேரம் எழுதுங்கள். பாட்டிலையும் ஆய்வகத்திலேயே கேட்டு வாங்குங்கள். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில் வேண்டாம்.