நிலம் தந்தவர்கள் நிலம் கேட்டபோது

கேள்வி: மேற்கு வங்கத்தில் 34 ஆண்டுகள் ஆண்ட இடதுசாரிகள் 2011இல் ஏன் தோற்றார்கள்? பிறகு என்ன ஆனார்கள்?

பதில்: குத்தகை விவசாயியின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, 'இனி உன்னை யாரும் வெளியேற்ற முடியாது' என்று தைரியம் கொடுத்த கட்சி அது. அதே கட்சி நானோ கார் தொழிற்சாலைக்காக சிங்கூரில் சுமார் ஆயிரம் ஏக்கரைக் கையகப்படுத்தினால்? 2007 மார்ச்சில் நந்திகிராமில் நிலம் எடுப்பதை எதிர்த்தவர்கள்மீது போலீஸ் சுட்டு 14 பேர் செத்தார்கள். கிராமம் கைவிட்டுப் போனது அப்போதுதான். போதாக்குறைக்கு, குடும்பத் தகராறுக்குக்கூட உள்ளூர் கட்சி ஆபீஸ் படியேற வேண்டிய நிலை. முதல்வர் புத்ததேவ் (நேர்மையானவர்தான், பாவம்) தன் தொகுதியான ஜாதவ்பூரிலேயே தோற்றார். அப்புறம் தொண்டர்களில் பலர், ஆட்சியைப் பிடித்த மம்தாவின் திரிணாமுல் கட்சிக்குப் போனார்கள். மம்தாவை எதிர்த்தே தீர வேண்டும் என்றவர்கள் பாஜகவுக்கு. 2021 தேர்தலில் இடதுசாரிகளுக்கு ஒரு சீட்கூட இல்லை.