கோக்யோ போற தங்கச்சிக்கு

தலைவலியை மறைக்காதே. அக்கா சொல்றதுல மத்த எல்லாத்தையும் மறந்தாலும் இதை மட்டும் மறந்துடாதே. எல்லாரும் சந்தோஷமா நடக்குறாங்க, நம்மால லேட் ஆகக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டு ஏறுற குணம் நம்ம வீட்டுப் பொண்ணுங்களுக்கு நிறைய உண்டு. காய்ச்சலை அம்மாகிட்ட சொல்லாம பரீட்சை எழுதப் போனவங்கதானே நாம எல்லாரும். கீழே அது செல்லும். 4,000 மீட்டருக்கு மேலே அந்தக் குணம் உயிருக்கே உலை வைக்கும்.

நம்ம நெய்வேலி கடல் மட்டத்துலேருந்து நூறு மீட்டர் கூட உயரம் இல்லாத ஊர். நீங்க போற நேபாளத்துக் கோக்யோ கிராமம் 4,790 மீட்டர்ல இருக்கு. அதுக்கு மேலே நிக்கிற கோக்யோ ரி உச்சி 5,350 மீட்டரைத் தாண்டும். காத்துல ஆக்சிஜனோட பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். ஆனா காத்தழுத்தம் கிட்டத்தட்ட பாதியாக் குறைஞ்சிடும், அதனால ஒவ்வொரு மூச்சுலயும் உள்ளே போற ஆக்சிஜனும் பாதிதான். வயசு, உடம்பு பலம், ஜிம்முக்குப் போறது எதுவும் இதுக்குக் காப்பு இல்ல. நல்லா ஓடுற பசங்களுக்குத்தான் பல நேரம் முதல்ல தலை சுத்தும். அவங்களாலதான் வேகமா ஏற முடியுது, அதான் காரணம்.

உங்க ஏஜென்ட் குடுத்த பிளானை எடுத்து, ஒவ்வொரு ராத்திரியும் எந்த உயரத்துல தூங்குறீங்கன்னு பென்சில்ல எழுதிப் பாரு. 3,000 மீட்டரைத் தாண்டினதுக்கு அப்புறம், தூங்குற உயரம் முந்தின ராத்திரியைவிட 500 மீட்டருக்கு மேலே கூடக் கூடாது. மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை ஒரே இடத்துல ரெண்டு ராத்திரி தங்கணும். கோக்யோ பாதையில இருக்கிற ஆபத்து இங்கேதான் வருது. எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பாதையைவிட இது சீக்கிரமா உயரத்துக்குக் கொண்டுபோயிடும். லுக்லாவுல இறங்கி ஃபாக்டிங், அப்புறம் 3,440 மீட்டர்ல நாம்சே பஜார். நாம்சேல ரெண்டு ராத்திரி எல்லாரும் தங்குவாங்க. ஆனா அங்கேருந்து பல பேர் ஒரே நாள்ல 4,000 மீட்டருக்கு மேலே இருக்கிற டோலேக்குப் போயிடுறாங்க, மறுநாளே 4,470 மீட்டர்ல மச்சர்மோ, அதுக்கு மறுநாள் கோக்யோ. நடக்குற தூரம் ரொம்பக் கம்மி, மத்தியானமே லாட்ஜுக்கு வந்துடுவீங்க. அதனால யாருக்கும் சந்தேகமே வராது. தலைவலி ராத்திரி வரும்.

நாம்சேக்கு அப்புறம் கும்ஜுங்ல ஒரு ராத்திரி கூட்டிக் கேளு. 3,790 மீட்டர். எட்மண்ட் ஹிலரி 1961-ல கட்டின பள்ளிக்கூடம் அங்கேதான் இருக்கு. உருளைக்கிழங்கு வயல், கல் மதில், தண்ணி எடுக்குற பொம்பளைங்க, ஸ்கூல் விட்டு வர்ற பசங்க. ஏரியைப் பாக்கப் போற அவசரத்துல இந்தக் கிராமங்களை விட்டுட்டா பாதி பயணம் போச்சு. பக்கத்துல குண்டேல 1966-லேருந்து ஆஸ்பத்திரி இருக்கு, அதையும் மனசுல வெச்சுக்கோ. மச்சர்மோலயும் ஒரு ராத்திரி கூடுதலாத் தங்க முடிஞ்சா இன்னும் நல்லது. பகல்ல சும்மா படுக்காம மேலே கொஞ்சம் ஏறி, தூங்கக் கீழே வாங்க.

தலைவலியோட வாந்தி, பசியில்லாமை, தலைசுத்தல், அளவுக்கு மீறின அசதி, இதுல எது சேந்தாலும் அதை உயர நோய்னே எடுத்துக்கணும். வெயில் பட்டது, சாப்பாடு ஒத்துக்கலன்னு சமாதானம் சொல்லக் கூடாது. அன்னிக்கு ஒரு அடி கூட மேலே போகாதே. மறுநாளும் குறையலன்னா இறங்கு. தினமும் சாயங்காலம் ஒருத்தரை ஒருத்தர் நிக்க வெச்சு, ஒரு காலோட குதிகாலை இன்னொரு கால் விரலை ஒட்டி வெச்சு நேர்க்கோட்டுல பத்தடி நடக்கச் சொல்லு. தள்ளாடினா அது மூளை வீக்கத்தோட அறிகுறி. உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குறது, விடாத இருமல், நுரையா சளி வர்றது, இது நுரையீரல்ல நீர் கோக்குறது. ரெண்டுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. ராத்திரியா இருந்தாலும் துணையோட இறக்கணும். இறங்குறதுதான் முதல் மருந்து, மாத்திரை எல்லாம் அதுக்குத் துணை.

உயர நோய்க்குப் போடுற டயமாக்ஸ் மாத்திரையைப் பத்திக் கேட்டியே, அதை டாக்டர் எழுதிக் குடுத்தா மட்டும் போடு. சல்ஃபா மருந்து ஒத்துக்காதவங்க முன்னாடியே சொல்லணும். விரல் நுனி மரத்த மாதிரி குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்படாதே. தூக்க மாத்திரையும் மதுவும் வேணவே வேணாம், மூச்சை இன்னும் மந்தமாக்கிடும்.

கிளம்புறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே ஹீமோகுளோபின் பாத்துடு. ரத்தசோகை நம்ம பக்கத்துப் பொண்ணுங்களுக்குச் சாதாரணமா இருக்கு, கீழே அது தெரியாமலே ஓடிடும். ஆக்சிஜனைச் சுமக்குறதே ஹீமோகுளோபின்தான்னும்போது, குறைஞ்ச ரத்தத்தோட மேலே போறது வீண் கஷ்டம். அங்கே போனா மாதவிடாய் நாள் கணக்கு மாறலாம், அதனால முறை இல்லன்னாலும் நாப்கினோ கப்போ கட்டாயம் எடுத்துக்கோ. பயன்படுத்தினதைப் பேப்பர்ல சுத்தி, ஜிப் வெச்ச கவர்ல போட்டுக் கீழே கொண்டு வந்துடணும். அங்கே எதுவும் மக்காது. கருத்தடை மாத்திரை எடுக்குறவங்க ரத்தக்கட்டு பத்தி டாக்டர்கிட்ட பேசிட்டுத்தான் வரணும்னு உன் ஃப்ரெண்ட்ஸ்கிட்டயும் சொல்லு. ராத்திரி பாத்ரூம் போகணுமேன்னு தண்ணி குடிக்காம இருக்காதே. ஒரு நாளைக்கு மூணு லிட்டர் வேணும். தலையில கட்டுற டார்ச்சைத் தலையணைக்கடியிலயே வெச்சுக்கிட்டா எழுந்து போறது சுலபம்.

நெய்வேலியில மேட்டுக்கு எங்கே போறதுன்னு கேக்காதே. வட்டத்துக்கு வட்டம் நிழல் ரோடு இருக்கு, தினமும் விடியக்காலையில நடக்க இதைவிட நல்ல ஊர் கிடையாது. ஆனா சமதளம் மட்டும் போதாது. ஸ்டேடியம் காலரிப் படியிலயோ மாடிப்படியிலயோ முதுகுல அஞ்சு கிலோ அரிசியைக் கட்டிக்கிட்டு ஏறி இறங்கு. இறங்குறதுலதான் கவனம் இருக்கணும், முட்டி போறது அங்கேதான். ஞாயித்துக்கிழமையில செஞ்சிக்கோட்டை ராஜகிரி ஏறுங்க. கொஞ்சம் பழகினதும் பர்வதமலை. வாங்கின ஷூவை இந்த மலைகள்லயே போட்டுப் பழக்கணும். கால் நகத்தை ஒட்ட வெட்டிக்கோ, இல்லன்னா இறங்கி வரும்போது நகம் கறுத்துடும்.

குளிர்னா நமக்கு மார்கழிப் பனிதான் தெரியும். கோக்யோல அக்டோபர், நவம்பர் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஒரே தடிமனான ஸ்வெட்டரைவிட மூணு அடுக்குத் துணி நல்லது. உடம்போட ஒட்டின தெர்மல், அதுக்கு மேலே ஃபிளீஸ், எல்லாத்துக்கும் மேலே காத்தும் மழையும் புகாத ஜாக்கெட். பஞ்சு பனியன் வேணாம், வேர்வையைக் குடிச்சிட்டுக் காயாம உடம்பைக் குளிர வைக்கும். லாட்ஜுல சாப்பாட்டு ஹால்ல மட்டும் சாயங்காலம் அடுப்பு எரியும். அந்த உயரத்துல மரம் இல்ல, காஞ்ச யாக் சாணிதான் விறகு. படுக்குற அறையில சூடே இருக்காது. கொதிச்ச தண்ணியை பாட்டில்ல ஊத்தி, இறுக்கி மூடி, ஒரு சாக்ஸுக்குள்ள போட்டு ஸ்லீப்பிங் பேக்ல கால்மாட்டுல வெச்சுக்கோ. விடியக்காலையில அதே தண்ணி குடிக்கவும் ஆகும். போன், பவர் பேங்க், காலையில போடுற சாக்ஸ் எல்லாம் அதே பைக்குள்ள தூங்கட்டும்.

சாப்பாட்டுக்கு தால் பாத்தையே நம்பு. சோறு, பருப்பு, காய் எல்லாம் கேக்கக் கேக்கப் போடுவாங்க. கறி வேணாம். அந்தப் பகுதியில உயிரை அறுக்குற வழக்கம் இல்ல, கறி கீழேருந்து நாள்கணக்கா சுமந்துதான் வருது. பசிக்கலன்னாலும் சாப்பிடு. கூட வர்றவங்க ரெண்டு வேளை தட்டைத் தள்ளி வெச்சா, என்ன ஆச்சுன்னு நீயே போய்க் கேளு. பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் அம்மாகிட்ட இப்பவே சொல்லி வை. நாக்கு செத்துப் போற உயரத்துல அது ரெண்டும் சோத்தை உள்ளே தள்ளும்.

இப்போ ஏரிகளுக்கு வர்றேன். பள்ளத்தாக்கு முழுக்க ஒண்ணுக்கு மேலே ஒண்ணா ஏரிகள். முதல் ஏரி சின்னது, ரெண்டாவது பெரிசு, மூணாவது தூத் போகரி. அதோட கரையிலதான் கோக்யோ லாட்ஜுகள் எல்லாம் இருக்கு. 2007-ல இந்த ஏரிகள் ராம்சார் ஈரநிலப் பட்டியல்ல சேந்துச்சு. கிழக்குக் கரை மேட்டுல ஏறிப் பாத்தா, அந்தப் பக்கம் மண்ணும் கல்லும் மூடின ஙோசும்பா பனியாறு கிடக்கும், நேபாளத்துலயே நீளமானது. வர்றவங்க எல்லாரும் கோக்யோ ரி மேலே ஏறி எவரெஸ்ட், லோட்சே, மகாலு, சோ ஓயு நாலையும் பாத்துட்டு இறங்கிடுவாங்க. ஒருநாள்தான் இருக்கு, ரெண்டுல ஒண்ணுதான்னா, அக்கா அஞ்சாவது ஏரியைத்தான் சொல்வேன். கோக்யோ ரி ஒரே செங்குத்து ஏத்தம். அஞ்சாவது ஏரிக்குப் போற வழி நீளமா இருந்தாலும் மெதுவா உயரும். கூட்டம் இருக்காது, 8,188 மீட்டர் சோ ஓயு நேர் எதிர்ல நிக்கும். விடியக்காலையிலேயே கிளம்பி, மத்தியானக் காத்து எழுறதுக்குள்ள திரும்பிடணும்.

ஏரியில இறங்காதே, சோப்பு போடாதே. நம்ம வீட்ல ஆவணி அவிட்டம் வர்ற பௌர்ணமியில அங்கே ஜனை பூர்ணிமா. அன்னிக்கு பக்தர்கள் இவ்வளவு உயரம் நடந்து வந்து இந்தத் தண்ணியில நீராடுறாங்க. அது அவங்க தீர்த்தம். வழியில மந்திரம் செதுக்கின கல் சுவர்கள் வரும், அதை உன் வலது கைப் பக்கம் விட்டு நட, அங்கேயும் வலம் வர்றதுதான் முறை. யாக் கூட்டம் வந்தா மலைப் பக்கம் ஒதுங்கு, பள்ளத்துப் பக்கம் நின்னா மூட்டை இடிச்சே தள்ளிடும். தொங்குபாலத்துல அது ஏறிடுச்சுன்னா நீ ஏறாதே.

அடுத்து சொல்றது கடலூர் மாவட்டத்துக்காரங்களுக்குச் சட்டுனு புரியும். புயல். தானே புயல் 2011 டிசம்பர்ல நம்ம பக்கம் என்ன பண்ணிச்சுன்னு நீயே பாத்தவ. வங்காள விரிகுடாப் புயல் கரை ஏறினதும் ஓஞ்சிடும்னு நினைப்போம். அதுல இருக்கிற ஈரம் வடக்கே போய் இமயமலையில முட்டினா, மழையா இல்ல, பனியாக் கொட்டும். 1995 நவம்பர்ல அப்படி வந்த ஒரு புயலால, கோக்யோவுக்குப் பக்கத்துல பங்கான்ற இடத்துல லாட்ஜ் மேலே பனிச்சரிவு விழுந்துச்சு. 13 ஜப்பானியரும் அவங்களோட இருந்த நேபாளிகளும் தூக்கத்துலயே போயிட்டாங்க. 2014 அக்டோபர் 12 ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்துல கரை ஏறுச்சு. ரெண்டே நாள்ல அன்னபூர்ணா பக்கம் தோரோங் லா கணவாய்ல பனிப்புயல், நாப்பது பேருக்கு மேலே செத்தாங்க. எல்லாமே வானம் பளிச்சுன்னு இருக்கும்னு நம்பி ஜனங்க போற அக்டோபர், நவம்பர் மாசம். அதனால நாம்சேல இருக்கும்போது காட்மாண்டு வானிலையை மட்டும் பாக்காதே, விரிகுடாவுல என்ன உருவாகுதுன்னும் பாரு. புயல் ஆந்திரா, ஒடிசாப் பக்கம் போகுதுன்னு செய்தி வந்தா, கிராமத்துலயே உக்காந்துடுங்க. ஏரி எங்கேயும் போயிடாது. போன் வேலை செய்யலன்னா அப்பாவைத் தினமும் லாட்ஜ் நம்பருக்குக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்லு, அவர் எப்படியும் ராத்திரி செய்தி பாக்குறவர்தானே.

திரும்பும்போது ரென்ஜோ லா கணவாய் வழியா தாமே கிராமத்துக்கு இறங்குறது அழகான வழி. ஆனா அது 5,300 மீட்டரைத் தாண்டும். கோக்யோல எல்லாரும் நல்லாத் தூங்கி எழுந்திருந்தா மட்டும் யோசிங்க. தாமேல 2024 ஆகஸ்ட் 16 அன்னிக்கு மேலே இருந்த பனி ஏரிகள் உடைஞ்சு, வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவ மையம் எல்லாம் வெள்ளத்துல அடிபட்டுச்சு. அங்கே திறந்திருக்கிற லாட்ஜுல தங்கி ஒரு வேளை சாப்பிட்டாக்கூட அந்த ஜனங்களுக்கு உதவிதான்.

போர்ட்டர் விஷயத்துல பேரம் பேசாதே. உன் பையும் ஃப்ரெண்டோட பையும் சேத்து 20 கிலோவைத் தாண்டக் கூடாது. அவர் கால்ல நல்ல ஷூ இருக்கா, ராத்திரி எங்கே படுக்குறார், இன்ஷூரன்ஸ் இருக்கான்னு முதல் நாளே ஏஜென்ட்கிட்ட கேளு. அவருக்கும் தலை வலிக்கும், கூலி போயிடும்னு சொல்ல மாட்டார். சாயங்காலம் அந்தப் பத்தடி நடையை அவரையும் நடக்கச் சொல்லு. போர்ட்டர்களைக் குளிர்ல விட்டுட்டதால உயிர் போன கதைகள் இருக்கப்போய்த்தான், மச்சர்மோல அவங்களுக்குன்னே தங்குமிடமும் மருத்துவ உதவியும் ஏற்படுத்தினாங்க.

பேப்பர் வேலை கொஞ்சம்தான். நேபாளத்துக்கு நமக்கு விசா வேணாம். ஆனா விமானத்துல போக பாஸ்போர்ட் இல்லன்னா வாக்காளர் அட்டை வேணும், ஆதாரை வெச்சுக்கிட்டு ஏர்போர்ட்ல நிக்காதே. நம்ம ஒரு ரூபாய் அங்கே 1.60. நாம்சே தாண்டினா ஏடிஎம் கிடையாது, சார்ஜ் போடவும் வெந்நீருக்கும் தனித்தனியாக் காசு, அதனால நேபாள ரூபாயா எண்ணி எடுத்துட்டுப் போ. இன்ஷூரன்ஸ் பத்திரத்துல ஹெலிகாப்டர் மீட்பு இருக்கா, எத்தனை மீட்டர் வரைக்கும்னு படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடு. 5,000 மீட்டரோட நிறுத்துற பாலிசி உனக்கு உதவாது.

பொம்பளப் பிள்ளைங்க தனியாப் போறீங்களான்னு சித்தி கேட்டா, விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாசம் எவரெஸ்ட் உச்சியிலேயே நின்னுட்டு வந்ததைச் சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.

கடைசியா லீவு. சீசன்ல லுக்லா விமானம் பெரும்பாலும் காட்மாண்டுலேருந்து கிளம்பாது, நாலஞ்சு மணி நேரம் ரோட்டுல போய் மந்தலியில ஏறணும். அதுக்காக நடுராத்திரியே எழுந்திருக்கணும். லுக்லா ஓடுபாதை 527 மீட்டர்தான், மேகம் வந்தா ரெண்டு மூணு நாள் கூட ஒண்ணும் பறக்காது. சென்னைக்கு ரிட்டர்ன் டிக்கெட்டை அதுக்கு இடம் விட்டுப் போடு. ஆபீஸ்ல குறைஞ்சது மூணு நாள் கூடுதலா லீவு எழுதிக் குடு. அந்த மூணு நாளும் மேலே ஏறும்போதே தேவைப்பட்டா, யார்கிட்டயும் கேக்காம எடுத்துக்கோ.